ஊர் பார்க்கும் படலம்

— அப்போ கடல் எங்க இருந்துச்சுன்னு சொல்ல வர்றீங்க?

— நீங்க நிக்கிற எடத்துல, மேடம்.

— என் செருப்புக்குக் கீழயா?

— சொல்றாங்க. பண்டைக் காலத்தில் இவ்வூர் எயிற்பட்டினம் என்று அழைக்கப்பட்டதாக அறிஞர் சிலர் கருதுகின்றனர். எயில் என்றால் மதில். மதிலை ஒட்டிக் கடல் இருந்தது. கலங்கள் வந்து நின்றன. அவ்வாறு...

— சார், சார், இருங்க. ரேடியோவுல செய்தி வாசிக்கிற மாதிரி இருக்குது.

— எல்லார்கிட்டயும் இப்பிடித்தான் சொல்றது. காலேஜ் பசங்க வந்தா எழுதிக்குவாங்க.

— நான் எழுதிக்க வரல. சாதாரணமா சொல்லுங்க. மதில் எங்க?

— இல்ல.

— இடிஞ்சிடுச்சா?

— இருந்துச்சா இல்லையான்னே தெரியல. காட்டுங்கன்னு கேட்டா காட்ட ஒண்ணும் கெடையாது.

— மதில் பேர்ல ஊரு, மதில் இல்ல. கடல் ஊரு, கடலையும் காணோம்.

— கடல் இருக்குது. இங்கேர்ந்து கெழக்கால, கால்வாய்க்கு அந்தாண்ட. மண்ணு சேந்து சேந்து துறைமுகம் தூந்து போச்சு. ஊரு நகரல மேடம், கடல்தான் தள்ளிப் போயிடுச்சு.

— கோவிச்சுக்கிட்டா?

— கடல் கோவிச்சுக்காது.

— கலையரசன் சார், கொஞ்சம் சிரிச்சா கொறஞ்சா போயிடுவீங்க?

— வெயில் மேடம். ... உங்களுக்கு என் நம்பர் யாரு குடுத்தது? போன்ல கேக்க மறந்துட்டேன்.

— குயிலாப்பாளையத்துல ஒரு கெஸ்ட் ஹவுஸ்ல என் ஃப்ரெண்டு வேலை செய்யறா. மரக்காணம் பாக்கணும்னா நீங்கதான்னா. எம்.ஏ. ஹிஸ்டரி, உப்பளத்துலேர்ந்து கல்வெட்டு வரைக்கும் அத்துப்படின்னு சொன்னா.

— அங்கேர்ந்து வெள்ளைக்காரங்க வருவாங்க. இல்லன்னா பறவை பாக்கறவங்க. நீங்க ஒரு கேமரா கூட எடுத்துட்டு வரல.

— நான் டூரிஸ்ட் இல்லைங்க. சொல்லிடறேனே... இந்த ஊருல எனக்கு ஒரு எடம் வந்திருக்குது.

— மனையா?

— மாப்பிள்ளைங்க. ஞாயித்துக்கிழமை பதில் சொல்லணும். ஆளப் பாத்தாச்சு. ஊரப் பாக்கல.

— ஆளப் பாத்தா பத்தாதா?

— அவரு விடியறதுக்கு முன்னாடியே உப்பளத்துக்குப் போயிடுவாராம். பகல் பூரா நான் ஊரோடதான குடும்பம் நடத்தணும்.

— ம்.

— ரெண்டாந்தாரம். மொத சம்சாரம் தவறிட்டாங்க. ஒரு பொம்பளப் புள்ள இருக்குதாம், தாய்மாமன் வீட்டுல வளருதாம். ... என்ன சார், நின்னுட்டீங்க?

— எதிரில் தெரிவது பக்கிங்காம் கால்வாய். வெள்ளையர் ஆட்சியில் வெட்டப்பட்டது. உப்பு மூட்டைகளை ஏற்றிய படகுகள் இதன் வழியாகச் சென்னை வரை...

— திரும்பவும் செய்தி.

— சரி. படகுல உப்பு போச்சு. இப்ப போகல. லாரியில போகுது.

— இது நல்லா இருக்குது. ஊருக்கு ஏன் மரக்காணம்னு பேரு?

— ஒருத்தர் மரக்கலம்ங்கறார். ஒருத்தர் கானம்னா காடுங்கறார். எதுவும் முடிவாகல.

— உங்க ஊருல எதுதான் முடிவாச்சு?

— உப்பு. அது ஒண்ணுதான் நிச்சயம். வாங்க, அளத்தக் காட்டறேன். அதப் பாத்துட்டு பதில் சொல்லுங்க.

— ...

— இதான். ரோட்டுலேர்ந்து அந்தக் கோடி வரைக்கும்.

— எவ்ளோ வெள்ளை. கண்ணத் தெறக்க முடியல.

— தெனமும் இப்பிடித்தான். இங்க வேலை செய்யற பாதிப் பேருக்குக் கண்ணு சீக்கிரமே மங்கிடும்.

— ஓ.

— காலப் பாருங்க அவங்களுக்கு. வெடிப்பு. ஆறாது. எங்க தோண்டினாலும் தண்ணி உப்பு. குடிக்கக் கேன் வாங்கணும். தலைக்கு ஊத்தினா முடி கொட்டும்.

— உங்களுக்கு நல்லா அடர்த்தியா இருக்குதே.

— எங்க தெருவுல தண்ணி பரவால்ல.

— வேற?

— மேக்கால கழுவேலி ஏரி. மழைக்காலத்துல நெறஞ்சு இந்தப் பக்கம் வரும். கெழக்கால கடல். புயல்னா ரெண்டும் ஒண்ணாயிடும், நடுவுல நாங்க. பஸ் நின்னுடும். கரண்ட் போயிடும்.

— எங்க ஊருலயும் போகும் சார்.

— எந்த ஊரு நீங்க?

— திண்டிவனத்துக்கு மேக்கால. கடலை, உளுந்து, கொஞ்சம் கரும்பு. வீட்டுல அப்பாவும் நானும்தான், கூடப்பொறந்தவங்க யாரும் இல்ல. திண்டிவனத்துல ஒரு மெடிக்கல்ல பார்மசிஸ்டா இருக்கேன்.

— இங்கேர்ந்து வேலைக்குப் போக முடியாது. தூரம்.

— முக்கால் மணி நேரம். வர்றப்ப கண்டக்டர்கிட்ட கேட்டுக்கிட்டேன்.

— காலைல கூட்டமா இருக்கும். நிக்கணும்.

— கடையிலயும் நாள் பூரா நின்னுக்கிட்டுதான இருக்கேன். சார், ஒண்ணு கேக்கட்டா? மத்த ஊருல எல்லாம் கைடுங்க குட்டிச்சுவரக் கூடப் பெருமையா காட்டுவாங்க. நீங்க வந்தவங்கள வெரட்டற மாதிரி காட்டறீங்க.

— உள்ளதச் சொல்றேன். கல்யாண விஷயம் பாருங்க. ... அதோ கொளஞ்சி அக்கா வர்றாங்க. இங்கயே வேலை செய்யறவங்க. கேட்டுப் பாருங்க, நான் சொன்னதுல எது பொய்யின்னு.

— இன்னாப்பா கலை, இன்னிக்கு வெள்ளைக்காரங்க யாரும் சிக்கலயா?

— நம்ம பக்கத்து ஆளுதான் அக்கா. ஊர் பாக்க வந்திருக்காங்க.

— பாரும்மா, நல்லா பாரு. வரப்பு மேலயே நடந்துக்க. பாத்திக்குள்ள செருப்புக் கால வெச்சுடாத.

— சரிங்கக்கா. மேக்கால பாருங்க, எப்பிடி கறுத்துக்கிட்டு வருது. வரட்டும்க்கா, நல்லா ஒரு மழை பெய்யட்டும். பூமி குளிரட்டும்.

— ஏம்மா. வாய மூடு மொதல்ல.

— ஐயோ... நான் என்னக்கா சொல்லிட்டேன்?

— இன்னா சொல்லிட்டியா? பாத்தியில உப்பு பூத்து நிக்குது, நாளைக்கு வாரணும். ஒரு மழை பெஞ்சா அத்தினியும் தண்ணியாப் போயிடும். எங்க அளத்துல நின்னுக்கினு எங்க வயித்துல அடிக்கிறியே.

— தெரியாம சொல்லிட்டேன்க்கா. எங்க ஊருல கடலை போட ஓட்டி வெச்சுட்டு வானத்தையே பாத்துட்டு இருக்காங்க. வாயத் தொறந்தா அதான் வருது.

— உங்க ஊருல பெய்யட்டும், யாரு வேணாம்னா. ரோட்டுக்கு அந்தாண்டயே நின்னுக்கட்டும். ... கலை, பாப்பாவுக்கு சளி எப்பிடி இருக்குது?

— தேவலை அக்கா.

— இன்னும் உன் நெஞ்சு மேலயேதான் தூங்குதா?

— ம்... நாங்க கோயில் பக்கம் போகணும் அக்கா. நேரமாவுது.

— போங்க, போங்க. ஏம்மா, மனசுல வெச்சுக்காத. இங்க வாழ வர்ற வெளியூர்ப் பொண்ணுங்க எல்லாம் மொத வருஷம் இதே தப்பத்தான் பண்ணுதுங்க. அடுத்த வருஷம் அதுங்களே வெயிலு வெயிலுன்னு சாமிய வேண்டிக்கும்.

— வர்றோம் அக்கா. ... மேடம், இப்பிடி வாங்க. வரப்பு வழுக்கும்.

— உங்க பொண்ணா சார், பாப்பா?

— ம்.

— என்ன வயசு?

— மூணு ஆகப் போகுது. கீழ பாத்து நடங்க.

— சார், அந்தக் கோடியில ஒருத்தர் தனியா வாரிக்கிட்டு இருக்காரே. நீலச் சட்டை.

— ஆமா.

— அவருதான்.

— எவரு?

— எனக்குப் பாத்திருக்கிறவர். தெய்வசிகாமணி. தெரியுமா உங்களுக்கு?

— சின்ன ஊருதான. எல்லாரையும் தெரியும்.

— கூப்புட்டுடாதீங்க. நான் வந்தது தெரிய வேணாம்.

— நிமிந்து பாக்க மாட்டாரு. பயப்படாம வாங்க.

— எங்க வீட்டுக்கு வந்தப்பவும் அப்பிடித்தான். அப்பா காபி வேணுமான்னு கேட்டாரு. 'தண்ணி போதுங்க'ன்னாரு. வந்ததுலேர்ந்து போற வரைக்கும் அந்த ஒரு பேச்சுதான். நான் எதிர்ல நிக்கிறேன், என்னைப் பாக்கல. எனக்குப் பின்னால செவுத்துல இருந்த காலண்டரப் பாத்துக்கிட்டு இருக்காரு. அப்பிடி என்னதான் இருக்குதுன்னு நானும் திரும்பிப் பாத்தேன். வெறும் மளிகைக் கடை காலண்டர்.

— ...

— அப்பாடா, சிரிச்சுட்டீங்க.

— வாங்க. கோயிலுக்குள்ள நெழலா இருக்கும்.

— ... ஆமா, ஜில்லுன்னு இருக்குது. இங்க உக்காரலாமா?

— உக்காருங்க. இந்தச் செவுத்துல இருக்கறதெல்லாம் கல்வெட்டு. சோழர் காலத்துது. உப்பளத்தப் பத்திக் கூட வருது. அப்பவே அளம்னுதான் எழுதியிருக்காங்க.

— மழையத் திட்டினாங்களான்னு எழுதியிருக்குதா?

— அது கல்லுல ஏறல.

— கட்டினப்ப இருந்த செவுரேதானா சார் இது? பிரிச்சுக் கட்டினது இல்லையே?

— இது இல்ல. ஆனா சில ஊர்ல பழைய கோயிலப் பிரிச்சுட்டு புதுசா கட்டியிருக்காங்க. பிரிக்கறதுக்கு முன்னால, பழைய செவுத்துல இருந்த எழுத்த எல்லாம் படி எடுத்து வெச்சுக்குவாங்க. புதுச் செவுரு எழும்பினதும் அதுல திரும்ப வெட்டுவாங்க. வெட்டிட்டு ஒரு வரி சேப்பாங்க. 'இதுவும் ஒரு பழங்கற்படி.'

— அப்பிடின்னா?

— பழைய கல்லுல இருந்தத அப்பிடியே எழுதியிருக்குதுன்னு அர்த்தம். இங்க அந்த வரி கெடையாது. வேற ஊருல படிச்சேன்.

— புதுச் செவுத்துல எதுக்குப் பழசு? கட்டினவரு தன் பேர எழுதிக்க வேண்டியதுதான.

— அதையும் எழுதிக்குவாரு. ஆனா முன்னாடி இருந்தவங்க குடுத்தது குடுத்ததுதான. ஒருத்தர் வெளக்குக்குக் குடுத்திருப்பாரு, ஒருத்தர் பூவுக்குக் குடுத்திருப்பாரு. செவுரு போச்சுன்னா அதுவும் போயிடலாமா?

— புதுச் செவுருக்குப் பாரமா இருக்காது?

— செவுருக்கு என்ன தெரியும்.

— செவுருக்குத் தெரியாது... சார், நேராவே கேக்கறேன். அந்த மனுஷனப் பத்தி எல்லாரும் ஒண்ணு சொல்றாங்க. பொண்டாட்டி செத்தப்ப ஒரு சொட்டுக் கண்ணீர் விடலயாம். மூணாம் நாளே உப்பளத்துக்குப் போயிட்டாராம். நெஞ்சுல ஈரமே இல்லாத ஆளுன்னு எங்க தெரு வரைக்கும் பேச்சு வந்துடுச்சு. நாளைக்கு உனக்கு ஒண்ணு ஆனாலும் இப்பிடித்தானன்னு எங்க பெரியம்மா கேக்கறாங்க. அது நெசமா? நெசம்னு நீங்க சொன்னா இப்பிடியே பஸ் ஏறிடறேன்.

— அழல. அது நெசம்.

— மூணாம் நாளு போனது?

— அதுவும் நெசம்.

— சரி. ... பஸ் எத்தனை மணிக்கு?

— பன்னெண்டுக்கு ஒண்ணு இருக்குது.

— வர்றேன் சார். சுத்திக் காட்டினதுக்கு...

— உக்காருங்க.

— பரவால்லைங்க.

— உக்காருங்க மேடம். பாதியில நிறுத்திட்டேன். ... புயல் போனப்பறமும் ஊருக்குள்ள தண்ணி நின்னுச்சு. அவரு சம்சாரம் அதுல நடந்தாங்க. எல்லாரும்தான் நடந்தோம். அவங்களுக்குக் கால்ல வெடிப்பு. எலிக் காய்ச்சல் வந்துடுச்சு. பாண்டிக்குக் கொண்டு போறப்பவே முத்திப் போச்சு. கைக்கொழந்தைய விட்டுட்டுப் போயிட்டாங்க.

— கேள்விப்பட்டேன்.

— மழை முடிஞ்சா பாத்தி எல்லாம் சேறு. தரைய மிதிச்சு மிதிச்சுக் கெட்டியாக்கணும். அப்பத்தான் உப்புல மண்ணு ஒட்டாது. பத்துப் பேராவது வரிசையா நின்னு மிதிக்கிற வேலை அது. தனியா யாரும் எறங்க மாட்டாங்க. மூணாம் நாளு போனவன் ஆள் வெக்கல. வந்தவங்களையும் வீட்டுக்குப் போங்கன்னுட்டான். காலைல எறங்கினா இருட்டற வரைக்கும் ஒத்தையா மிதிச்சான். பொங்கல் வந்துச்சு, போச்சு. மிதிச்சுக்கிட்டே இருந்தான். தரை சிமெண்டு மாதிரி ஆயிடுச்சு. போதும்டான்னு ஊரே வரப்புல நின்னு சொல்லுது. காதுல வாங்கல. கால் தோலு உரிஞ்சு ரத்தம் வருது. நான் போயி கையப் புடிச்சு இழுத்தேன். போதும் மாப்ள, ஏறி வான்னேன். அப்பத்தான் வாயத் தொறந்தான். 'இன்னும் ஈரம் இருக்குது'ன்னான். அந்த வருஷம் அவன் உப்பு மாதிரி வெள்ளையா யாருக்கும் வரல. அவ்ளோதான். இப்ப போறதுன்னா போங்க.

— மாப்ளன்னீங்க.

— என்னது?

— 'போதும் மாப்ள'ன்னீங்க.

— ... வாய் தவறிடுச்சு.

— தவறல. காலைலேர்ந்து இப்பத்தான் சரியா வருது. அவரோட மொத சம்சாரம் அமுதவல்லி உங்க தங்கச்சி. கல்யாண ஆல்பத்துல அவங்களுக்குப் பக்கத்துல நீங்க நிக்கிறீங்க, மீசை இல்லாம. அவரோட அம்மா காட்டினாங்க.

— அப்போ கெஸ்ட் ஹவுஸ் ஃப்ரெண்டு?

— அப்பிடி ஒருத்தி இருக்கா. ஆனா நம்பர் குடுத்தது அவ இல்ல, அவரோட அம்மா.

— நீங்க யாருன்னு எனக்கும் தெரியும். போன்ல ரேணுகான்னு சொன்னப்பவே. ஒரு மாசமா எங்க வீட்டுல அந்தப் பேருதான் ஓடுது.

— அதான் கண்ணு மங்கிடும், முடி கொட்டிடும்னீங்க.

— நீங்களே வேணாம்னு சொல்லிட்டுப் போயிடணும்னு நெனச்சேன்.

— தங்கச்சி எடத்துக்கு இன்னொருத்தியான்னா?

— அது இல்லைங்க. எங்களுக்குக் கொழந்தை பொறக்கல. பாப்பா தவழ்ந்தது, நடந்தது எல்லாம் எங்க வீட்டுலதான். நீங்க வந்தா அவ போயிடுவா. என் வீட்டுக்காரி இப்பவே சரியா சாப்புடறதில்ல.

— அப்பறம் ஏன் இதச் சொன்னீங்க? ஆமா, கல்லு மாதிரி ஆளுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் பஸ் ஏறியிருப்பேன்.

— ஊரப் பத்தி எத வேணா சொல்லிடலாம். அவனப் பத்தி... வரல.

— நானும் ஒண்ணு ஒளிச்சேன். ஞாயித்துக்கிழமை பதில் சொல்லணும்னேனே, அது என் பதில் இல்ல. நான் சரின்னுதான் சொல்லி வெச்சிருக்கேன். இன்னிக்கு நீங்க மட்டும் வேற மாதிரி சொல்லியிருந்தா மாத்தியிருப்பேன்.

— பின்ன யாரு பதில்?

— உங்க பதில். தண்ணி போதுங்கன்னு ஒரு பேச்சுதான் பேசினாருன்னேன்ல, அது பொய். போறப்ப வாசல்ல செருப்ப மாட்டிக்கிட்டே எனக்கு மட்டும் கேக்கற மாதிரி சொன்னாரு. 'கலைக்குச் சம்மதம் இல்லன்னா இது வேணாம். ஆனா நான் போயி கேட்டா அவன் மாட்டேன்னு சொல்ல மாட்டான். அதனால நான் கேக்கக் கூடாது'ன்னாரு.

— அவனா சொன்னான்? அவ்ளோ பேச்சா?

— அவரேதான். அதான் நான் வந்தேன். எப்பிடி கேக்கறதுன்னு தெரியாம, காலைலேர்ந்து கல்லையும் மண்ணையும் பத்திக் கேட்டுக்கிட்டு இருக்கேன்.

— மேடம்...

— ரேணுகான்னு கூப்புடுங்க. எங்க பக்கத்துல ஒரு வழக்கம் உண்டு. ரெண்டாந்தாரமாப் போனா, மூத்தவளுக்குப் பொறந்த வீடு எதுவோ அதுதான் எளையவளுக்கும் பொறந்த வீடு. மூத்தவளோட அண்ணன்தான் எளையவளுக்கும் அண்ணன். கல்யாணத்துல அண்ணன் மொறைக்கு நின்னு எனக்குப் பொரி போட வேற ஆளு இல்லைங்க. பாப்பா உங்க வீட்டுக்கு வந்து போயிக்கிட்டு இருக்கட்டும். நானும் கூட வர்றேன். பறிச்சுக்கிட்டுப் போற மாதிரி வேணாம். கோவமாண்ணா?

— கோவம் இல்ல. அங்க வரப்புல, உங்க பொண்ணான்னு கேட்டீங்க. ம்னு சொன்னேன்.

— கேட்டுச்சு. வளத்தவரு சொல்றதுல என்ன பொய் இருக்குது?

— இருக்குதும்மா. அவன் தெனமும் சாயங்காலம் அளத்துலேர்ந்து நேரா எங்க வாசலுக்கு வந்து நிப்பான். உள்ள வாடான்னா கால்ல சேறுன்னுடுவான். பாப்பா ஓடிப் போயி கையப் புடிச்சுக்குவா. கொஞ்ச நேரம் நிப்பான், போயிடுவான்.

— நல்லதுதான.

— சம்மதம்னு ஞாயித்துக்கிழமை நானே வந்து உங்க அப்பாகிட்டச் சொல்றேன். அது பெரிசில்ல. ஆனா அதுக்கு முன்னால வீட்டுல எனக்கு ஒரு வேலை பாக்கி இருக்குது.

— என்ன வேலைண்ணா?

— பாப்பா அவன உப்பு மாமான்னு கூப்புடறா. அப்பான்னு கூப்புடறது என்னைத்தான். அவனும் வாசல்ல நின்னு கேட்டுக்கிட்டே போறான்... நான் ஒரு நாளும் திருத்தல.